ஒருவருக்கு எடுத்த அறை

சாயங்காலம் ஐந்து மணி. ஜனவரி மாதம். வெந்நீர் ஊற்று ஊரான நிகோரிசாவாவுக்கு ஏறும் மலைப்பாதையில் கடைசி பஸ் இரண்டு பேரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. குனிஹிகோ... அவருடைய அம்மா தோமே. சுற்றிலும் பனி. ஆள் அரவமே இல்லை.

இசோபே, கதை கேட்கும்போது போர்வையை உன் பக்கமே இழுக்காதே. இந்தக் குனிஹிகோ நம் ஆலையில் வேலை செய்கிற கொமோரியின் மைத்துனர். கொமோரி கதை கட்டுகிற ஆள் இல்லை, அவனுக்கு அவ்வளவு மூளையும் கிடையாது.

தோமே அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறினால் கண்ணில் நீர் வந்துவிடும். வெந்நீர் ஊற்றில் நாலு நாள் ஊறினால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். குனிஹிகோவுக்கு அப்போது பாதி நாள்தான் வேலை. அரிசி, முள்ளங்கி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய், நாமே சமைத்துச் சாப்பிடும் மலிவு விடுதி ஒன்றைப் பிடித்தார். அதிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். அறையை ஒருவருக்கு என்று எடுத்தார். அம்மாவை விறகுக் குவியலுக்குப் பின்னால் நிற்கவைத்து, இருட்டியதும் சமையலறை வழியாக உள்ளே கூட்டிவந்தார். பெற்ற தாயை... எனக்கே சொல்ல நாக்கூசுகிறது.

"யாராச்சும் பாத்துட்டா என்னடா பண்றது?"

"எல்லாரும் படுத்தப்புறம் போய்க் குளிம்மா. சத்தம் மட்டும் போடாத."

அந்த அம்மா அப்படித்தான் போனார். யாரும் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று, கொதிக்கிற நீரில் அவசரமாக இறங்கினார். தலை சுற்றியது. தடாலென்று ஒரு சத்தம்... கல்தரையில் மரவாளி உருண்டது. பெண்கள் ஓடிப்போய் அங்கியைச் சுற்றி நடைக்குத் தூக்கிவந்தார்கள். விடுதிக்காரம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். குனிஹிகோ கதவைத் திறந்தபோது அத்தனை அறைக்காரர்களும் வெளியே நின்றிருந்தார்கள்.

"இவங்க உங்க கூட வந்தவங்களா?"

எல்லாக் கண்ணும் அவர் மேல். காது மடல் வரை சுட்டது.

"இல்லீங்க. யாருன்னே தெரியல."

தோமே அம்மா மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு விடுதிக்காரம்மாவைக் குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சுக்கம்மா. வயசாச்சு பாரு, விடுதி மாறி வந்துட்டேன். கீழ பாலத்துக்கிட்டதான் தங்கியிருக்கேன்."

"துணைக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம்மா. என் பையன் தேடிட்டு வந்துட்டே இருப்பான்."

ஈரத் தலையோடு பனிக்குள் நடந்து போனார்.

"இவரு உடனே பின்னாலயே ஓட வேண்டியதுதான?" என்கிறாயா இசோபே? எல்லோரும் தூங்கட்டும், பிறகு போய்க் கூட்டிவரலாம் என்று உட்கார்ந்திருந்தார். நடையில் பேச்சு ஓயவில்லை. உட்கார்ந்தே இருந்தார்...

விடியற்காலையில்தான் அந்த அம்மா கிடைத்தார். பாலத்தடியில், உட்கார்ந்தபடி. தலைமுடி விறைத்திருந்தது. போலீஸ்காரரிடம் குனிஹிகோ "எங்கம்மா" என்று சொன்னபோது விடுதிக்காரம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாராம் குனிஹிகோ.

அடுத்த ஜனவரியில் அவர் மறுபடி அங்கே போனார். செத்துப்போன அம்மாவிடம் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இரண்டு பேருக்கு அறை கேட்டார். விடுதிக்காரம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு படுக்கை விரித்துவிட்டுப் போனாள்.

நடுநிசி... நடையில் ஈரக் கால் ஊன்றும் சத்தம். சப்... சப்... கந்தக வாடை மூக்கில் ஏறியது. சத்தம் அவர் கதவைத் தாண்டிப் போனது. பக்கத்து அறைக் கதவு இழுபட்டது. அது பூட்டிக் கிடந்த அறை.

"நல்லா ஊறிட்டு வந்தேண்டா. முட்டி வலி போயே போச்சு."

அம்மாவின் குரல்.

"மெதுவா உக்காரும்மா" என்றது ஓர் ஆண் குரல்.

குனிஹிகோ சுவரில் காதை ஒட்டிக் கேட்டார். அது அவருடைய குரல். அவரேதான் பேசுகிறார், அந்தப் பக்கம்.

சுவரில் நெற்றியை வைத்து அழுதார். "அம்மா... நான் இங்க இருக்கேம்மா."

பேச்சு நின்றது.

"யாருடா அது?"

"தெரியலம்மா."

"பாவம், அழற மாதிரி இருக்கு. இரு, இந்த ஆரஞ்சக் குடுத்துட்டு வந்துர்றேன்."

கதவு இழுபட்டது. சப்... சப்... அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றது. மெல்லத் தட்டியது.

எதற்காக அவ்வளவு தூரம் போனாரோ, அது வாசலில் நிற்கிறது. எழுந்து கதவைத் திறந்தால் போதும். அவர் என்ன செய்தார் தெரியுமா? விளக்கை அணைத்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அறையில் ஆளே இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

வெளியே வெகுநேரம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது...

காலையில் கதவைத் திறந்தார். வாசலில் ஓர் ஆரஞ்சு. தோலை உரித்து, நாரையெல்லாம் எடுத்து, குழந்தைக்குக் கொடுப்பது போல் சுளை சுளையாகப் பிரித்து வைத்திருந்தது. வெளியே அப்படி ஒரு குளிர். சுளையைத் தொட்டுப் பார்த்தார்.

சூடாக இருந்தது.