கிளாடிஸ் டீச்சரின் கல்யாணப் பை

கல்யாண வீட்டில் முதலில் காணாமல் போவது ஊக்குதான், ஃபாதர். பூ, பட்டு, பிரியாணி எல்லாம் நேரத்துக்கு வந்து சேரும். அவசரத்துக்கு ஓர் ஊக்கு யாரிடமும் இருக்காது. அதனால்தான் சாந்தோமில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் என்னைப் பையோடு கூப்பிடுவார்கள். ஊக்கு, ஊசி நூல், அமிர்தாஞ்சன், குளுக்கோஸ். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவள், எதையும் மறக்க மாட்டேன். "கிளாடிஸக்கா பை கீது, இன்னா கவலை?" என்பாள் பக்கத்து வீட்டு ஜலஜா.

என் தங்கை நோராவின் கல்யாணத்துக்கும் நான்தான் பை கட்டினேன். அம்மா போனபின் அவளை வளர்த்தவள் நான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் போட்டால் வராது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லிவைத்திருந்தார்.

மாப்பிள்ளை வில்லியம் நல்லவர். நல்ல மனுஷனை ஏமாற்றுவது பாவம் என்று எனக்குப் பட்டது. தாலி ஏறுமுன் விஷயம் வெளிப்பட்டுவிட்டால் இருவருக்குமே நல்லதில்லையா? ஆகவே கல்யாண வாரம் முழுக்க அவள் மாத்திரைப் புட்டியில் மருந்துக்குப் பதில் சோடா மாத்திரையைப் போட்டுவைத்தேன்.

"அக்கா, கசக்கவே இல்லியே?" என்றாள் ஒருநாள்.

"புதுப் புட்டி" என்றேன். நம்பி விழுங்கினாள்.

பீடத்துக்கு முன்னால் அவள் விழுந்ததை நீங்களே பார்த்தீர்கள். எல்லாரும் அலறினார்கள். நான் பதறவில்லை. பல்லுக்கிடையில் வைக்க மடித்த துணி, முகம் துடைக்க ஓடிகோலோன், பட்டு நனைந்தால் மாற்றுவதற்கு வீட்டில் கட்டுகிற பருத்திப் புடவை, எல்லாம் பையில் தயாராக இருந்தன. என்ன முன்யோசனை என்று மாப்பிள்ளை வீட்டாரே மெச்சினார்கள்.

ஆஸ்பத்திரியில் வில்லியம் என்னைத் தனியே கூப்பிட்டார். "எனக்குத் தெரியும்க்கா. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே நோரா சொல்லிட்டா. எந்த வேளைக்கு எந்த மாத்திரைன்னுகூட எனக்கு அத்துப்படி."

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. என்னைக் கேட்காமல் அவரிடம் எப்படிச் சொல்லலாம் அவள்?

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் நீங்கள் பூசையில் கல்யாண ஓலை வாசித்தீர்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றீர்கள். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். வலிப்பெல்லாம் ஒரு தடையா என்று கேட்டுவிடுவீர்களோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை. வில்லியம் அவளைக் குடிவைக்கப் போவது அடையாறில்தானே, கூப்பிடு தூரம் என்கிறார்கள் எல்லாரும். அவள் போய்விட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டை நானே திறக்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரியாது.

நோரா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு இன்னும் குழறுகிறது. வில்லியம் தினமும் வருகிறார், அடுத்த மாதமே கட்டிக்கொள்கிறேன் என்கிறார். அவளும் தலையை ஆட்டுகிறாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவளுக்கு எது நல்லதென்று நான்தானே பார்க்க வேண்டும். மாத்திரையை இப்போதும் என் கையால்தான் கொடுக்கிறேன்.