கூப்பிடு தூரம்

கல்கூர்லியில் சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருங்கள், சார்ஜன்ட். குளிர்சாதனம் முன்வரிசைக்காரர்களை மட்டும்தான் விறைக்க வைக்கும். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ரோரிக்கு எப்போதும் முன்வரிசைதான் வேண்டும்.

பெர்த்திலிருந்து தங்கச் சுரங்கம் ஒன்றைப் பார்த்துவர எங்களை அனுப்பியிருந்தார்கள். எங்கள் முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு வாங்கலாமா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். அன்று புழுதிக்காற்று சாலையை மூடிவிட்டது. மதியம் முழுக்கச் சும்மா இருப்பானேன் என்று ரோரிதான் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். டிக்கெட் கொடுத்த அம்மாள் அவனை முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு நிமிடத்தில் தன் மூட்டுவலியைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மீதிச் சில்லறையை என் கையில் வைத்தபோது என் முகத்தை அவள் பார்க்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

படம், ஊரார் பணத்தில் கம்பெனிகளை வாங்கி, உடைத்து, துண்டு துண்டாக விற்கும் ஒருவனின் கதை. அவனுக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டாளி ஓடிக்கொண்டே இருப்பான். ரோரி என் விலாவில் இடித்தான்.

"டேய் டெஸ், பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறான் பாரு. அப்படியே நீதான்டா!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் முதலாளி தப்பித்துக்கொள்ள, கூட்டாளி சிறைக்குப் போகிறான். ரோரி அழுதுவிட்டான். வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "நான் உன்னை அப்படி விட்டுட்டுப் போகமாட்டேன்டா. புதுப் பதவி கொடுத்தப்பவே சொல்லிட்டேன், டெஸ் இல்லாம நான் எங்கேயும் போறதில்லைன்னு."

அவன் மனதாரத்தான் சொன்னான். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது அவன் தலைவன். நான் அவன் கேட்டு வாங்கிக்கொண்ட ஆள். என் அம்மா ஃப்ரீமான்டிலில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோரி கேக் வாங்கிக்கொண்டு போய் அவளோடு சீட்டாடுவான். நான் போய் நின்றால், "ரோரி வரலையா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

அந்தப் படம்தான் என்னைக் கெடுத்தது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பேராசைக்காரனுக்கு எல்லாம் வேண்டும். எனக்கு அவன் பதவி வேண்டாம், வீடு வேண்டாம். அவனிடம் அவை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை காற்று அடங்கியது. சுரங்கத்துக்குப் போகும் வழியில் பழைய குழிகள் நிறைய உண்டு. போன தடவை நான் தனியாக வந்தபோது, சுரங்கத்துக் காவலாளி ஒரு மேட்டடியில் காரை நிறுத்தி எச்சரித்திருந்தார். மேட்டுக்கு ஏறும் வழியில் ஒரு குழி இருக்கிறது, அதை மூடிய பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது, மேலே சரளை பரவிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

அந்த மேட்டுக்கு அருகில் ரோரி கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அவன் மகளுக்கு அன்று பிறந்தநாள்.

"சிக்னலே இல்லையேடா. எங்கேயாவது கிடைக்குமா?"

"அந்த மேட்டு மேல கிடைக்கும். நேரா போ" என்றேன்.

நான் அவனைத் தொடவில்லை. காரை விட்டு இறங்கவும் இல்லை. பலகை முறிந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், உடனே கயிற்றை எடுக்கத்தான் நினைத்தேன். இறங்கிப் பின்கதவைத் திறந்தும்விட்டேன். அப்போது கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"டெஸ்! கால் முறிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன். பயப்படாதே, எனக்கு ஒண்ணுமில்ல. நீ கிட்ட வராதேடா, ஓரமெல்லாம் சரியுது, நீயும் விழுந்துருவ. போய் ஆளைக் கூட்டிட்டு வா."

குழிக்குள் கிடப்பவன் எனக்குத் தைரியம் சொல்கிறான். அங்கேயும் அவன்தான் பெரிய மனிதன். நான் ஓடிப்போய் ஆள் கூட்டி வந்திருந்தால், அடுத்த வாரமே அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருப்பான். என்னைத்தான் வீரனாக்கிச் சொல்லியிருப்பான். எல்லோரும் அவன் அடக்கத்தைப் புகழ்ந்திருப்பார்கள். பின்கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தேன். கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். அவன் பங்கைத் தொடவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு சுரங்கத்துக்குப் போனேன். நான் காரில் கண் அசந்த நேரத்தில் அவன் உப்பு ஏரிப் பக்கம் நடந்துபோய்விட்டான் என்று சொன்னேன். எல்லோரும் அந்தப் பக்கமே தேடினார்கள். நானும் கூடவே போய்த் தேடினேன். அவன் மனைவி அய்லா பெர்த்திலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களேன்னுதான் ஒரு ஆறுதல்" என்றாள். நான் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு அந்தக் காவலாளிக்குக் குழியின் நினைவு வந்துவிட்டது. மீதி உங்களுக்குத் தெரியும்.

விழுந்தவுடன் அவன் சாகவில்லை என்று மருத்துவர் சொல்கிறாராம். உண்மைதான். அய்லா உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள் என்கிறீர்கள்: கடைசியில் தன்னைக் கூப்பிட்டானா, பிள்ளையைக் கூப்பிட்டானா என்று. கூப்பிட்டான் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லை. குரல் அடங்கும்வரை அவன் என் பெயரை மட்டும்தான் சொன்னான். அது எனக்குச் சேர வேண்டியது, சார்ஜன்ட். அதை அவளுக்கும் பங்கு வைக்க முடியாது.