உக்கிரபாண்டியின் ரத்தம்

— கஞ்சியில உப்பே இல்லையே, வெள்ளையம்மா.

— போட்டிருக்கேன். உங்க நாக்குதான் செத்துப்போச்சு.

— ஒரு மாசமாவா? ஊறுகாய எங்க ஒளிச்ச?

— தீந்துபோச்சு.

— பொய்யி... சரி, அந்தத் துண்ட எடு. களத்துக்கு லாரி வந்திருக்கும்.

— நீங்க போகவேணாம். அதான் கொழுந்தன் போயிருக்காகள்ல.

— வீரபத்திரன் ஒருத்தனா அம்புட்டு நெல்லு மூட்டையையும் ஏத்துவான்?

— ஏத்துவாக. எளந்தாரி ஒடம்பு.

— எளந்தாரியா! என் தம்பிக்குப் பேத்தி பொறந்தாச்சுடி.

— இருக்கட்டும். வீட்டுல பிரஷர்க்காரரு நீங்கதான். அவுக இல்ல.

— அவன் என்னைக்கு பிரஷர் பாத்தான்?

— ஒண்ணுமில்ல அவுகளுக்கு. காலையில தலைய வலிக்குதுன்னாக. தைலம் குடுத்தேன். தேச்சுட்டுப் போயிட்டாக.

— தலைவலியா?

— களத்துல காவலுக்குப் படுத்தாகள்ல... பனி. நீங்க உக்காருங்க.

— ஏம்புள்ள, மொதல்ல மம்பட்டியத் தொடாதன்ன. பெறகு வண்டி பூட்டாதன்ன. என் வேல பூராத்தையும் அவன் தலையில கட்டிட்ட. நடுச்சாமத்துல முழிச்சா, என் மூக்குல விரல வச்சு மூச்சு வருதான்னு பாக்குற. நான் என்ன புள்ளத்தாச்சியா?

— கஞ்சி ஆறுது. குடிங்க மொதல்ல.

— ஏய்... அழுகுறியா? என்னத்தடி மறைக்கிற?

— மருதை பெரியாஸ்பத்திரி டாக்டருமாரு வேன்ல வந்து, பிரஷர்க்காரவுகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாகள்ல...

— போன பங்குனியில. பள்ளிக்கூடத்துல வச்சு. அதுக்கென்ன?

— மார்கழியில மாத்திரை வாங்க ராமநாதபுரம் போனேன்ல, அப்ப வேன்ல வந்த டாக்டரம்மா அங்க இருந்தாக, தனியாக் கூப்பிட்டாக. பிரஷர் இருக்கவுகள்ல யாருக்கு மூளையில ரத்தம் கசியும்னு, ரத்தத்த வச்சே முன்னாடி கண்டுபிடிக்கப் பாக்குறாகளாம்.

— ம்.

— உங்க ரத்தத்துல ஏதோ ஒண்ணு ரொம்பக் கூடிக் கெடக்காம். ‘ஆராய்ச்சிதாம்மா, உறுதியாச் சொல்லமுடியாது. ஆனா பாரம் தூக்கவிடாத. தலைவலின்னா ஒரு நிமிசம் நிக்காத, கூட்டிட்டு வந்துரு’ன்னாக.

— இத ஏன் எங்கிட்டச் சொல்லல?

— சொன்னா... பயத்துலயே போயிருவீக. உப்பக் கொறச்சேன். வேலையக் கொறச்சேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?

— வெள்ளையம்மா...

— ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? படுங்க. தலைய வலிக்குதா?

— தம்பிக்குப் போனப் போடு. மூட்டையக் கீழ போடச் சொல்லு.

— அவுக செல்லு இந்தா, இங்கனதான சார்ஜுல கெடக்கு. என்னங்க? அவுகளுக்கென்ன?

— பங்குனியில என் கையில காப்புக் கட்டியிருந்துச்சுல்ல. பூக்குழி எறங்குறவன் ஒடம்புல ஊசி குத்தி ரத்தம் எடுத்தா ஆத்தாளுக்கு ஆகாது. பேரு குடுத்தாச்சு, போகாம இருந்தாலும் நல்லால்ல... ‘ஒரு வயித்துல பொறந்தவங்கதானண்ணே, உன் ரத்தம் வேற என் ரத்தம் வேறயா’ன்னான் தம்பி. உக்கிரபாண்டின்னு கூப்பிடவும், போயி கைய நீட்டுனது அவன்தான்டி.