பால் பொங்கிய படம்

எங்கள் வீட்டில் யாருக்கும் போட்டோக்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது. என் மனைவி மல்லிகா கல்யாண வீட்டுப் படத்தையும் மளிகைச் சாமான் படத்தையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பாள். பிறகு காணோம் காணோம் என்று என்னைத்தான் கூப்பிடுவாள். அதனால்தான் இந்த ஏற்பாட்டையே செய்தேன். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, மேடம். என் இந்தி கடைத்தெருவுக்குப் போதும். இதற்குப் போதாது.

என் பெயர் வாசுதேவன். வானவடியில் குடியிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பத்திரப்படுத்தும் பிரிவில் இருந்தேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கையால் செய்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒருமுறை உட்கார்ந்து நிரல் எழுதிவிட்டால் அது பாட்டுக்கு நடக்கும். யார் செய்தது, யார் செய்யவில்லை என்ற பேச்சே வராது.

குடும்பத்தில் எல்லோருக்கும் கிளவுடில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். போனில் எடுக்கும் படம் தானாக அவரவர் ஃபோல்டருக்குப் போகும். என் நிரல் அதை நகலெடுத்து ‘குடும்பம்’ என்ற பொது ஃபோல்டரில் வைக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா வரை எல்லோரும் அதைப் பார்க்கலாம். இடத்தை அடைக்கக் கூடாது என்று நகலைச் சின்னதாக்கும் ஒரு படியும் சேர்த்திருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மகள் ரோஹிணியின் நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளை முகுந்தையும் அதில் சேர்த்தேன். “இப்பதான் மாமா நான் உங்க வீட்டுப் பிள்ளை” என்றார். எனக்கு அன்று மனது நிறைந்திருந்தது.

கல்யாணமாகி முதல் வருஷம் முடிவதற்குள் ரோஹிணி தன் ஃபோல்டருக்குள் ‘டாக்டர்’ என்று இன்னொரு ஃபோல்டர் போட்டாள். அதில் இருந்த படங்களில் அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கழுத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெற்ற வயிறு மட்டும்தான் எரியும் என்பதில்லை. ஆனால் பொது ஃபோல்டர் சொந்தக்காரர்கள் பார்க்கும் இடம். ‘டாக்டர்’ ஃபோல்டரை மட்டும் நகலெடுக்காமல் தாண்டிப் போகும்படி நிரலைத் திருத்தினேன். இரண்டு வரி வேலைதான்.

பிறகு அவள் எங்களிடம் வந்துவிட்டாள். முகுந்த் வந்து கேட்டில் நின்று கத்தினார். வாட்ச்மேன், பக்கத்து பிளாட்டின் ரிட்டையர்ட் கர்னல் எல்லோரும் பார்த்தார்கள். அவமானமாகிவிட்டது. ரோஹிணி ஊரின் இன்னொரு கோடியில், தாபோடியில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போனாள். மல்லிகாவால் ரகசியம் காக்க முடியாது என்பதால் இடத்தை என்னிடம் மட்டும் சொன்னாள்.

“அட்ரஸ் யாருக்கும் சொல்லாதப்பா. பக்கா?”

“பக்கா.”

“அந்த ஃபேமிலி ஃபோல்டர்ல அவன் இன்னும் இருக்கானா?”

“அத நான் பாத்துக்கறேன்மா.”

அவரை நீக்கினால் பட்டியலில் பெயர் இல்லாததை அக்கா உடனே கவனிப்பாள். அப்புறம் ஊரெல்லாம் விவாகரத்து என்றாகிவிடும். அதனால் அவரை நீக்கவில்லை. ரோஹிணியின் ஃபோல்டரிலிருந்து நகலெடுப்பதை நிறுத்தினேன். உங்க போட்டோ எதுவும் போகாது என்று அவளிடம் சொன்னபோது பல வருஷம் கழித்து என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். செல்லம் கொஞ்சும்போது அவளை நான் மரியாதையாகத்தான் பேசுவேன்.

அடுத்த வாரம் முகுந்த் வந்தார். சத்தம் போடவில்லை. சோபாவில் உட்கார்ந்து அழுதார். மல்லிகா கோயிலுக்குப் போயிருந்தாள்.

“நேர்ல ஒரே ஒரு தடவை பேசினா போதும் மாமா. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

“வாக்கு குடுத்திருக்கேன் மாப்பிள்ளை. என் வாயால சொல்ல மாட்டேன்.”

அவர் என் காலைத் தொட்டுவிட்டுப் போனார். ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசினால் தீராத சண்டை உண்டா என்று தோன்றியது. ஆனால் வாக்கு வாக்குதான். அதை நான் மீறவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் நிரலைத் திறந்தேன். ரோஹிணியின் ஃபோல்டரை மறுபடி சேர்த்தேன். போனில் படம் எடுத்தால், எடுத்த இடமும் அந்தப் படத்துக்குள்ளேயே பதிவாகும். நகலைச் சின்னதாக்கும்போது அது கழன்றுவிடும். அந்தச் சின்னதாக்கும் படியை எடுத்துவிட்டேன். ‘டாக்டர்’ ஃபோல்டரைத் தாண்டும் வரிகள் மட்டும் அப்படியே இருந்தன.

மறுநாள் காலையில், நல்ல நாள் என்று, ரோஹிணி புது வீட்டில் பால் காய்ச்சினாள். கூட யாரும் இல்லை. தானே அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கி வழியும்போது ஒரு படம் எடுத்திருக்கிறாள். பாத்திரத்துக்குக் குங்குமம்கூட வைத்திருந்தாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அது பொது ஃபோல்டரில் வந்து விழுந்தது. மல்லிகா போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் பொங்கியிருக்குன்னு தெரியுதாங்க?”

“கிழக்குன்னுதான் நினைக்கிறேன்” என்றேன். அவள் அழுதாள், சந்தோஷத்தில்.

முகுந்தும் பார்த்துவிட்டார். யார் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவரும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறார், ஒரு படத்துக்குள் இருக்கும் இடத்தை எடுக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோஹிணிக்கு போன் செய்து எச்சரித்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் அவள் கதவைத் திறக்க மாட்டாள். பேச்சுவார்த்தை நடக்காமலே போய்விடும். போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் தாபோடி போலீஸ் எங்களை அவள் வீட்டுக்குக் கூப்பிட்டது. அடையாளம் காட்டியது நான்தான். மல்லிகாவை மாடி ஏற விடவில்லை. அடுப்பின் மேல் அந்தப் பால் பாத்திரம் கழுவாமல் இருந்தது. கழுத்தில் அதே இடத்தில் தடம் இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருந்ததால் என் குழந்தைதான் என்று சொல்ல நேரமாகவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பால் வாசனையே ஆகவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

முகுந்த் தானாகக் கண்டுபிடித்தார் என்றுதான் உங்களிடம் முதலில் சொன்னேன். நிரல் செய்தது என்று அப்புறம் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நிரலை எழுதியது நான். அவர் போவார் என்று தெரிந்தே எழுதினேன். அந்தக் கை என்ன செய்யும் என்பதைப் படத்தில் பார்த்திருந்தும் எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். ரோஹிணியின் போன் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அதை ஆன் செய்தால் மிச்சப் படங்கள் ஃபோல்டருக்கு வரும், நிரல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மல்லிகா அதற்காகத்தான் தன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகுந்தின் பெயரும் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். எடுத்தால் என்ன ஏது என்று அக்கா கேட்பாள்.