உறுதி செய்ய ஒரு கேள்வி

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது ஐயா. காலுக்கடியில் அட்டைத் துண்டை மடித்து வைத்தால் போதும். சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு, அதனால் சொன்னேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் கணக்கு பூட்டிக்கொள்ளும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் என்னைத்தான் போனில் கூப்பிட வேண்டும். நான் திறந்துவிடுகிற இடைவெளியில் மனுஷர்கள் எதையாவது பேசுவார்கள். எக்ஸ்ரே எடுப்பவரின் மனைவி கோபித்துக்கொண்டு போனது, கணக்காளரின் தலைமுடி சொந்தமில்லை என்பது எல்லாம் அப்படி வந்த செய்திகள்தான். நானாகத் தேடிப் போனதில்லை.

குழந்தைகள் வார்டு சிஸ்டர்தான் அதிகம் கூப்பிடுவார்.

"தம்பி, மறுபடியும் பூட்டிக்கிச்சுப்பா. உன் மெஷினுக்கு என் மேல என்ன கோபம்?"

"கோபமா? உங்க குரலைக் கேக்காம அதுக்கு இருக்க முடியலையாம் சிஸ்டர்."

சிரிப்பார். பிறகு வீட்டுக் கதை. மகளும் மருமகனும் அவரோடுதான் இருந்தார்கள். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன மருமகன் திரும்பவேயில்லை. மகள் நிறைமாதம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

அவர் கணக்கு ஏன் இப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடித்தேன். வார்டு அலமாரியில் யாரும் தொடாத பழைய டேப்லெட் ஒன்று கிடந்தது. சிஸ்டர் பாஸ்வேர்டை மாற்றியது அதற்குத் தெரியாது. பழையதையே ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. யாரோ திருடன் என்று நினைத்து கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டிவிடும். அதை அணைத்தால் தொல்லை தீர்ந்தது. சார்ஜ் வேறு தீரப்போகிற நிலைமை, விட்டிருந்தால் தானாகவே அணைந்திருக்கும். நான் சார்ஜரில் செருகிவிட்டு, அலமாரியைச் சாத்திவிட்டு வந்தேன். கதையைப் பாதியில் விட யாருக்குத்தான் மனசு வரும்?

அப்புறம் ஒரு சின்னச் சறுக்கல். மருமகன் விஷயத்தை கேண்டீனில் இரண்டொருவரிடம் சொன்னேன், அக்கறையில்தான். அது சிஸ்டர் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு, "கணக்கைத் திறங்க" என்பதோடு சரி. தம்பியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டார். மூச்சுத் திணறலோடு ஒரு குழந்தை வந்திருந்தது. ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளாது என்று தாய்க்குத் தெரியும், அதன் பெயர் தெரியாது. பெயர் கம்ப்யூட்டரில் இருந்தது. அன்றைக்கு இருந்த டாக்டர் வேறு பிரிவுக்காரர்; அந்த வார்டு விவரங்கள் அவருக்குத் திறக்காது. சிஸ்டரின் கணக்கோ பூட்டிக் கிடந்தது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. பேசுவது உரிய ஆள்தானா என்று ஒரு கேள்வி கேட்டு உறுதி செய்த பிறகே திறக்க வேண்டும். அவர் குரல் எனக்குத் தெரியும்தான். ஆனாலும் விதி விதிதானே.

"உறுதி செய்ய ஒரு கேள்வி சிஸ்டர். மருமகன் வந்துட்டாரா?"



"விளையாடுற நேரமா இது? பச்சப்புள்ள நீலம் பாஞ்சு கெடக்குது."

"பதிலைச் சொல்லுங்க, உடனே திறந்துடறேன்."

"தம்பி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். "தம்பி, உன் கால்ல விழறேம்பா, திறந்து விடு."

கேள்வியை மறுபடியும் கேட்டேன். பின்னால், "இனிமே காத்திருக்க முடியாது, கையில இருக்கறதைப் போட்டுடறேன்" என்று டாக்டர் சொன்னது கேட்டது. சிஸ்டர் அழுதுகொண்டே ஏதோ சொன்னார். பதில் வந்துவிட்டது, திறந்துவிட்டேன். நான் வாக்குத் தவறவில்லை. ஆனால் அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. போடக் கூடாத ஊசி அதுதான். குழந்தை பிழைக்கவில்லை.

டேப்லெட்டைச் செருகியது நான். திறக்காமல் பிடித்து வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் வேலையை விட்டுவிட்டார். யார் போன் செய்தாலும் எடுப்பதில்லையாம். எனக்கும் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த அழைப்பு காதுக்குள் ஓடுகிறது. பதிவு செய்யப்பட்ட அழைப்புதானே என்று திரும்பத் திரும்பப் போட்டும் கேட்டுவிட்டேன். சிஸ்டர் பதில் சொல்கிற அதே நொடியில் அந்தத் தாய் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். பதில் அதில் அமுங்கிப்போகிறது.

உங்களிடம் இருக்கிற ஸ்பீக்கர் நல்லதாகத் தெரிகிறது ஐயா. இன்னொரு முறை போடுங்கள். மருமகன் வந்தாரா இல்லையா என்பதாவது தெரியட்டும்.