பாதி திரும்பிய பட்டடை

தலைமையேற்றிருக்கும் அருள்தந்தை கன்சிடைன் அவர்களே! குதிரைக் குளம்பைக் குழந்தையின் பாதம்போல் என் மடியில் நம்பிக் கொடுத்த பெரியோர்களே! மரு உதிர வேண்டுமென்று என் உலைத்தொட்டித் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப்போன தாய்மார்களே! கிலாரன் பங்கின் உறவுகளே! கொல்லன் கோல்மன் டூஹியின் வணக்கம்.

கொல்லன் சபித்து, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையை இடப்பக்கம் திருப்பினால் கடல் கடந்தவனும் கருகிப்போவான் என்கிறீர்கள். "நீ திருப்பியதுண்டா?" என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறீர்கள். திருப்பினேன்! ஒரேயொரு முறை திருப்பினேன்!

பின்வரிசையில் யாரது, பார்ட்லியா? "எம் மாமியாருக்கும் ஒருதரம் திருப்பிவிடுய்யா" என்கிறாய். அந்த அம்மையார் முன்வரிசையில்தான் இருக்கிறார். உன்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்!

அன்று மழைநாள்; நண்பகல். சபைனா கெரட்டி என் உலைக்கூடத்துக்கு வந்தாள். அவளை மணப்பதாகச் சொல்லிவிட்டுப் பாஸ்டனுக்குக் கப்பலேறிய ஃபெஸ்டி லிடனிடமிருந்து ஐந்தாண்டாக ஒரு வரி இல்லை.

"திருப்பு, கோல்மன். அவன் நல்லாவே இருக்கக் கூடாது."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"அஞ்சு வருசமா வேற என்னத்த யோசிச்சேன்?"

அன்பர்களே, அவளை நான் விரும்பினேன். அவளுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அவள் கேட்ட சாபம் என் நெஞ்சிலும் இருந்தது! தோள் கொடுத்துத் தள்ளினேன். பட்டடை உறுமிக்கொண்டு பாதி திரும்பியது.

"பேரைச் சொல்லு" என்றேன்.

"ஃபெஸ்டி..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. அழுதுவிட்டாள்.

"நிறுத்து, கோல்மன்! அங்க குளிர்ல இருமிக்கிட்டுக் கெடந்தான்னா? கஞ்சி வச்சுக் குடுக்க யாரு இருக்கா அவனுக்கு?"

பட்டடையைப் பழையபடி தள்ளினோம். அவளும் சேர்ந்து தள்ளினாள்; அவள் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

வாசலில் நின்று சொன்னாள்: "ஈஸ்டர் முடிஞ்சதும் நானே போய்த் தேடப்போறேன். நீ என்ன சொல்ற?"

கேட்டாள், அன்பர்களே! கேட்டுவிட்டு நின்றாள்!

மிரளும் குதிரையை அடக்கும் சொல் என்னிடம் உண்டு. வழியும் குருதியை நிறுத்தும் சொல் உண்டு. "போகாதே" என்ற சொல் இல்லையா? இருந்தது! தொண்டை வரை வந்தது! நான் சொன்னதோ, "சால்வைய நல்லா போத்திக்கோ, மழை பலமா இருக்கு."

போனாள். அவனைக் கண்டாளோ காணவில்லையோ, தெரியாது. இன்றும் வாசலில் நிழல் விழுந்தால் என் சுத்தியல் தானாக நின்றுவிடுகிறது.

இளையோரே! வருகிற வியாழக்கிழமை கடல் கடந்து போகக் கப்பலேற, கோவ் துறைமுகத்துக்கு நம் பங்கிலிருந்து நான்கு பேர் புறப்படுகிறார்கள். நால்வரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் போகவிட உங்களுக்கு மனமில்லையா? எழுந்து போய்ச் சொல்லுங்கள்! வெட்கமாக இருக்கும். அறுபது வயதில் மேடையேறிச் சொல்வது அதைவிட வெட்கமாக இருக்கிறது!

எழுபவர்களுக்கு வழிவிட்டு அமர்கிறேன். பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் இந்தக் கொல்லனின் நன்றி, வணக்கம்.