திரை மூடும்போது ஒரு பாட்டு

— முதல்ல ரெண்டாவது ஆல்பத்தைக் கேளுங்க ஐயா. 'செம்புப் பறவைகள்' குழுவோட பாட்டைப் புதுசாக் கேக்கணும்னு கடைக்கு வர்றவங்க கையில நான் இதைத்தான் குடுப்பேன்.

— முதல் ஆல்பம் வேணாம்ங்கிறியா தாயி?

— வேணவே வேணாம். ஒரே இரும்பு இரைச்சல். நம்ம ஷெஃபீல்ட் உருக்காலைச் சத்தத்தையே டேப்புல பிடிச்சு, கீபோர்டுல ஏத்தி வாசிச்சிருப்பாங்க. எங்களுக்கு அது உசிரு. புது ஆளு ஓடிப்போயிடுவாரு.

— ஆயுசு பூரா அந்த உருக்காலையில கிடந்தவன் நான். எங்க ஓட?

— அப்ப மூணாவது? கால் தானா ஆடும். ஏதாவது விருந்துக்கா?

— வியாழக்கிழமை என் மகன் நைஜலை எரிக்கிறோம். தகன மண்டபத்துல பெட்டி உள்ள போய்த் திரை மூடுறப்போ ஒரு பாட்டு போடணுமாம். 'இவங்க பாட்டுதான் வேணும், எதுன்னு எங்கப்பா சொல்லட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டான். நான் ஒண்ணைக்கூட முழுசாக் கேட்டதில்ல.

— அடப்பாவமே. மன்னிச்சுக்கங்க ஐயா. நான்பாட்டுக்கு வியாபாரம் பேசிக்கிட்டிருக்கேன்.

— பரவால்ல, சொல்லு. உங்க கூட்டத்து ஆளுதானே அவனும். எது பிடிச்சிருக்கும்?

— நாலாவதுல மெதுவா ஒண்ணு இருக்கு. கேட்டா அழுதுடுவீங்க. ஆனா உள்ளூர் ரசிகன்னா, முதல் ஆல்பத்தோட கடைசிப் பாட்டைத்தான் கேட்டிருப்பாரு. கீபோர்டு இசை ஏறி ஏறிப் போய்ச் சட்டுனு நிக்கும். அந்த அமைதியில ஒருத்தர் அதட்டுவாரு.

— யாரு?

— யாருக்கும் தெரியாது. குழுவோட சுத்துன பையன் ஒருத்தன் தன் வீட்டுல திருட்டுத்தனமாப் பதிஞ்ச டேப்பாம். 'இந்தக் குரல் இல்லாட்டி பாட்டே இல்ல'ன்னு அடம்பிடிச்சுச் சேர்க்க வச்சானாம். கச்சேரியில மொத்தக் கூட்டமும் கூடச் சேர்ந்து கத்தும்.

— என்னன்னு?

— 'ராத்திரி பூரா உலையில வெந்துட்டு வந்திருக்கேன், நிறுத்துடா அந்த எழவை'ன்னு. எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்... ஐயா? என்ன செய்யுது? இப்படி உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

— வேணாம்.

— அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டட்டுமா?

— வேணாம் தாயி. நாலாவதையே குடு. அந்தக் குரல் என்னோடது. போற பிள்ளைய இன்னொரு தரம் அதட்டி அனுப்ப என்னால ஆகாது.